கோழி வலை கோழிக்குத்தான், பாம்புக்கு இல்லை

மினி ப்ராஜெக்ட் சீசன் வந்தாச்சு. வருஷா வருஷம் எதாவது ஒரு டீம் "ஸ்மார்ட் கோழிக்கூண்டு"ன்னு ஒரு தலைப்போட வரும். கூண்டு ஓரத்துல ஒரு பி.ஐ.ஆர். சென்சார், பக்கத்துல ஒரு மைக்ரோ கன்ட்ரோலர், பாம்பு வந்தா பஸ்ஸர் அடிக்கும், போனுக்கு மெசேஜ் போகும். ரிவ்யூல கைதட்டலும் கிடைக்கும். அந்த டீம்ல இருக்கிறவங்க கோவிச்சுக்காதீங்க. உங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி: அந்தக் கூண்டுக்கு என்ன வலை அடிச்சிருக்கீங்க?

பி.ஐ.ஆர். சென்சார் பார்க்கிறது அசைவை இல்லை, வெப்பம் மாறுறதை. சுத்தி இருக்கிற இடத்தைவிடச் சூடான ஒண்ணு முன்னாடி நகர்ந்தாத்தான் அதுக்குத் தெரியும். மனுஷன், நாய், கீரி எல்லாம் வெப்ப ரத்தப் பிராணி, மாட்டிக்கும். பாம்போட உடம்பு தரையோட சூட்டுலயே இருக்கும். சென்சாரைப் பொறுத்தவரைக்கும் அது நகர்ற தரை. ஆக பாம்பு போகும்போது பஸ்ஸர் பெரும்பாலும் சும்மா இருக்கும், உள்ள இருக்கிற கோழி இறக்கையை உதறினா அடிக்கும். சரி, கேமரா வச்சே பிடிச்சிட்டீங்கன்னு வச்சுக்குவோம். ராத்திரி ரெண்டு மணிக்கு மெசேஜ் வருது. அதைப் பார்த்துட்டு டார்ச் எடுத்துக்கிட்டு பாம்புகிட்ட போறது யாரு? உங்க அப்பாவோ, பாட்டியோதான். பாம்பையும் மனுஷனையும் ஒரே இடத்துக்கு வரவழைக்கிற மெஷினுக்குப் பேரு பாதுகாப்பு இல்லை.

பாம்பு உள்ள வராம இருக்கிறதுக்கு சரியான துளை உள்ள வலை போதும். அந்த முடிவை எடுக்கிறது ஹார்டுவேர்ஸ் கடையில நிக்கிற அஞ்சு நிமிஷத்துல. அங்கதான் நம்ம ஊர்ல எல்லாரும் கோட்டை விடுறாங்க.

கடையில போய் "கோழிக்கூண்டுக்கு வலை குடுங்க"ன்னு கேட்டுப் பாருங்க. அறுகோண ஓட்டை வச்ச, கையால மடக்கினா மடங்குற, ஒரு இஞ்ச் இல்லன்னா முக்கால் இஞ்ச் வலையைத்தான் எடுத்துப் போடுவாங்க. பேரே சிக்கன் மெஷ். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. நீங்க கேட்டது கோழிக்கு வலை, அவர் குடுத்தது கோழிக்கு வலை. கோழி வெளிய போகக் கூடாதுங்கிறதுக்காக உண்டான வலை அது. வெளிய இருந்து எது உள்ள வரக் கூடாதுங்கிற கேள்வி அந்த டிசைன்லயே கிடையாது. நாம அதை வாங்கிட்டு வந்து நாலு பக்கமும் அடிச்சிட்டு "பத்திரமா இருக்கு"ன்னு தூங்கப் போறோம்.

இப்ப பாம்போட கணக்கைப் பாருங்க. தலை நுழையுற ஓட்டையில உடம்பும் நுழையும். மண்டை ஓடுதான் அதுல அமுங்காத பாகம். விலா எலும்பு எல்லாம் வயித்துப் பக்கம் சேராம விட்டு இருக்கிறதால உடம்பு சப்பையாகி வளைஞ்சு குடுக்கும். சாரைக் குட்டி முட்டையில இருந்து வந்த புதுசுல பென்சில் தடிமன்தான் இருக்கும். நல்லபாம்புக் குட்டி ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல. கண்ணாடி விரியன் முட்டை போடாது, குட்டியாவே போடும், ஒரு ஈத்துக்கு இருபது முப்பதுகூட. அதுவும் ஒவ்வொண்ணும் ஒரு சாண் நீளம், பிறந்த அன்னைக்கே விஷத்தோட. ஒரு இஞ்ச் வலை இதுங்களுக்கு எல்லாம் வாசல் கதவு மாதிரி.

"குட்டிப் பாம்பு கோழிய என்ன பண்ணும்?"னு நீங்க கேக்கலாம். நியாயமான கேள்வி. கோழியையோ முட்டையையோ அது ஒண்ணும் பண்ணாது. முட்டையை முழுங்குற அளவு பாம்பு கொஞ்சம் பெருசாத்தான் இருக்கும். அது அரை இஞ்ச் வலையில நுழையாது. முட்டையும் குஞ்சும் மட்டும்தான் உங்க கவலைன்னா அரை இஞ்ச் போதும், இந்தக் கட்டுரையையும் இங்கயே மூடிடலாம்.

ஆனா கூண்டுக்குள்ள போறது கோழி மட்டும் இல்லையே. பொழுது சாயுற நேரத்துல, வெளிச்சம் பத்தாத மூலையில, அடைக்கோழிக்கு அடியில கையை விட்டு முட்டை துழாவுற ஒரு கை இருக்கு. நம்ம வீடுகள்ல அது பெரும்பாலும் அம்மா கை, ஆச்சி கை, இல்லன்னா "நான் எடுக்கிறேன்"னு ஓடுற தம்பி தங்கச்சி கை. வலையைத் தேர்ந்தெடுக்கும்போது அந்தக் கையை நினைச்சு எடுக்கணும்ங்கிறதுதான் என் கட்சி.

இதைப் பெருசுபடுத்திச் சொல்லலை. 2000-ல இருந்து 2019 வரைக்கும் இந்தியாவுல பாம்புக்கடியால இறந்தவங்க சுமார் 12 லட்சம் பேர்னு 2020-ல வந்த ஆய்வு கணக்குப் போட்டிருக்கு. சராசரியா வருஷத்துக்கு 58,000. ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 160 பேர். பெரும்பாலும் கிராமத்து ஜனங்க. கால்வாசிக்கு மேல 15 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்க. உலக சுகாதார நிறுவனம் 2017-ல பாம்புக்கடியை, கண்டுகொள்ளப்படாத வெப்பமண்டல நோய்கள் பட்டியல்ல சேர்த்தது. 2024-ல தமிழ்நாடு அரசு, பாம்புக்கடி கேஸ் வந்தா மருத்துவமனைகள் கட்டாயம் அரசுக்குத் தெரியப்படுத்தணும்னு அறிவிச்சிருக்கு. இத்தனைக்கும் நடுவுல நாம முக்கால் இஞ்ச் வலையை அடிச்சுட்டு, முட்டை எடுக்க ஆச்சியை அனுப்பிட்டு இருக்கோம்.

இன்னொரு விஷயம். பாம்பு கூண்டைத் தேடி வர்றதுக்குப் பாதிக் காரணம் கோழியே இல்லை, எலி. கீழ சிந்துன கம்பு, சோளம், குருணைக்கு எலி வரும். எலி பின்னாடியே சாரை வரும், நல்லபாம்பு வரும், விரியன் வரும். சின்னச் சுண்டெலி அரை இஞ்ச் ஓட்டையில தாராளமா பூந்து போகும். ஆக அரை இஞ்ச் வலைக்குள்ள எலி இருக்கும், எலிக்காகக் குட்டிப் பாம்பு உள்ள வரும், பெரிய பாம்பு வெளிய சுத்திச் சுத்தி வரும். எலியை நிறுத்தாத வலை பாம்பையும் நிறுத்தாது.

அதனால என் சிபாரிசு கால் இஞ்ச் வெல்டு மெஷ். சதுர ஓட்டை, ஒவ்வொரு சந்துலயும் பத்த வச்சது. கால் இஞ்ச்னா 6.35 மி.மீ., அது ஒரு கம்பியோட நடுவுல இருந்து அடுத்த கம்பியோட நடு வரைக்கும். நமக்கு வேண்டியது அந்த அளவு இல்லை, நடுவுல இருக்கிற வெத்து இடம். 22 கேஜ் கம்பின்னா தடிமன் 0.71 மி.மீ. கழிச்சா ஓட்டை 5.6 மி.மீ. அரை இஞ்ச், 20 கேஜ்ல இதே கணக்கு போட்டா 11.8 மி.மீ. வருது. கேஜ் நம்பர் ஏற ஏறக் கம்பி மெலிசாகும்ங்கிறது வொர்க்ஷாப்ல படிச்சதுதான், ஆனா கடையில நின்னா எல்லாருக்கும் மறந்துடும். "24 கேஜ், நல்ல ஸ்ட்ராங்கு"ன்னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு 22 கேளுங்க. அதே மாதிரி "4 மெஷ்"னா ஒரு இஞ்ச்சுக்கு நாலு ஓட்டை, "4 எம்.எம்."னா வேற. சீட்டுல எழுதிக் குடுத்தா குழப்பம் இல்லை.

இந்தக் கணக்கு எல்லாம் வேண்டாம்னா, சட்டைப் பையில ஒரு பென்சில் வச்சுக்கிட்டுப் போங்க. சாதாரண பென்சில் ஏறக்குறைய 7 மி.மீ. தடிமன். வலையில பென்சில் நுழைஞ்சா அந்த வலை வேண்டாம். வீட்டுக்கு வந்து அடிச்சு முடிச்ச அப்புறமும் அதே பென்சிலோட கூண்டை ஒரு சுத்து சுத்தி வாங்க. கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவுல, மூலையில ரெண்டு வலை சேர்ற இடத்துல, தகரத்தோட நெளிவுக்கு அடியில. பெரும்பாலும் பாம்பு வலை வழியா வர்றதில்லை, வலை முடியுற இடம் வழியாத்தான் வரும்.

நைலான் வலை பத்தித் தனியா சொல்லணும். விலை கம்மி, கத்தரிக்கோலால வெட்டலாம், துருப்பிடிக்காது. நிறைய வீட்டுல தோட்டத்துக்கும் கூண்டுக்கும் மீன் வலையைத்தான் கட்டிவிடுறாங்க. எலி ஒரே ராத்திரியில கடிச்சு ஓட்டை போட்டுடும்ங்கிறது ஒரு பக்கம். அதைவிட மோசம், அதுல பாம்பு சிக்கிக்கும். பாம்போட செதில் எல்லாம் வாலைப் பார்த்து அடுக்கியிருக்கும். முன்னாடி போகும்போது வழுக்கிட்டுப் போகும், பின்னாடி இழுத்தா செதில் நூல்ல மாட்டும். திமிறத் திமிற நூல் இன்னும் இறுகும். முக்கால் இஞ்ச் கம்பி வலையிலயும் இதே கதைதான்: தலை போயிடும், நடு உடம்பு நின்னுடும். இல்லன்னா காலியா உள்ள வந்து, முட்டையை முழுங்கிட்டு, வயிறு பெருத்து வெளிய போக முடியாம அங்கயே கிடக்கும். விடிஞ்சு பார்த்தா வலையில ஒரு நல்லபாம்பு உயிரோட, கோவத்தோட. நம்ம ஆள் ஒருத்தர் அரிவாளோட, இல்லன்னா கத்தரிக்கோலோட பக்கத்துல போவார். பாதிக் கடி வாங்குறது இந்த மாதிரி வீரத்துலதான்னு எனக்கு ஒரு சந்தேகம். அப்படி மாட்டியிருந்தா தள்ளி நின்னு தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்க. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பாம்பை அடிக்கிறது குத்தம். சட்டத்தை விடுங்க, வயல்ல எலியைத் தின்ன இருந்த ஒரே ஆளை அடிச்சுட்டு அடுத்த மாசம் எலி மருந்து வாங்கப் போறது என்ன கணக்கு?

கால் இஞ்ச்னு சொன்ன உடனே ரெண்டு எதிர்ப்பு வரும். ஒண்ணு, காத்தோட்டம். சித்திரை வெயில்ல கோழி வெந்துடும்னு சொல்லுவாங்க. கணக்கு போட்டுப் பாருங்க: 6.35-க்கு 5.64, அதோட வர்க்கம், ஏறக்குறைய 79 சதவீதம் திறந்த இடம். அரை இஞ்ச்ல 86. வித்தியாசம் ஏழு சதவீதம். கோழியைச் சுடுறது மேல இருக்கிற தகரம், வலை இல்லை. தகரத்து மேல தென்னங்கீத்து போட்டீங்கன்னா அந்த ஏழு சதவீதத்தைவிட நிறையவே குளிர்ச்சி. என்ன, கால் இஞ்ச்ல இறகும் தூசியும் படிஞ்சு அடைக்கும், வாரத்துக்கு ஒரு தடவை விளக்குமாத்தால தட்டிவிடணும்.

ரெண்டாவது, விலை. இது உண்மையான எதிர்ப்பு. கால் இஞ்ச்ல கம்பி நெருக்கம், அதனால அதே பரப்புக்கு விலை கூடும். ஆனா எங்க அடிக்கணும்ங்கிறதை யோசிச்சா செலவு சுருங்கிடும். 20 அடிக்கு 10 அடி, ஆறடி உயரத்துல ஒரு பட்டி போட்டு, சுத்தியும் மேலயும் வலை அடிச்சா 560 சதுர அடி. ராத்திரி அடைக்கிற பெட்டி 4 அடிக்கு 3 அடி, 3 அடி உயரம்னு வச்சா நாலு பக்கம், மேல, கீழ எல்லாம் சேர்த்து 66 சதுர அடிதான். மூணு அடி அகல ரோல்ல 22 அடி நீளம், மூலை மடிப்புக்கு ரெண்டடி சேர்த்து 24. நம்ம நாட்டுக்கோழி பகல்ல தெரு, தோட்டம்னு மேயப் போறது. முட்டை இடுறது, அடை காக்கிறது, தூங்குறது மட்டும்தான் கூண்டுக்குள்ள. பாம்பு இருட்டுல வர்றதும், கை உள்ள போறதும் அங்கதான். அதனால காசு கம்மின்னா பட்டிக்கு எந்த வலை வேணா கட்டுங்க, அந்தப் பெட்டிக்கு மட்டும் கால் இஞ்ச்சை விட்டுக் குடுக்காதீங்க. பஞ்சாரம் போட்டுக் கவிழ்க்கிற வீடா இருந்தாலும், அந்தப் பஞ்சாரத்தைக் கொண்டுபோய் இந்த மாதிரி ஒரு பெட்டிக்குள்ள வைக்கலாம். மூங்கில் பத்தை இடுக்குல ரெண்டு விரல் போகும், பென்சில் போகாதா?

கால் இஞ்ச்சுல ஒரு பலவீனம் இருக்கு, மறைக்க வேண்டாம். கம்பி மெலிசு. கீரி, மரநாய், தெருநாய் இதெல்லாம் பல்லால கவ்வி இழுத்தா, யூ ஆணி வலுவா இல்லன்னா பிய்ஞ்சு வரும். அதுக்காக ரெண்டும் ஒண்ணா இருக்கிற வலையைத் தேடாதீங்க. வெளிப்பக்கம் கீழ இருந்து ரெண்டடிக்கு ஒரு இஞ்ச், 16 கேஜ் வெல்டு மெஷ் ஒரு சுத்து அடிங்க. துளை பாம்புக்கு, கம்பி கீரிக்கு. ஓரத்துல வெறும் ஆணி போதாது, மரச்சட்டத்தை வலை மேல வச்சு ஸ்க்ரூ முடுக்கினா இழுக்க முடியாது.

துரு அடுத்த எதிரி. கோழி எச்சத்துல இருந்து வர்ற அம்மோனியாவும் ஈரமும் சேர்ந்து துத்தநாகப் பூச்சை அரிச்சுடும். நாகப்பட்டினம், ராமநாதபுரம் பக்கம் கடல் காத்து வேற. ஜி.ஐ. வெல்டு மெஷ்லயே ரெண்டு வகை இருக்கு. பூச்சு போட்ட கம்பியை எடுத்துப் பத்த வச்சா, பத்த வச்ச புள்ளியில பூச்சு எரிஞ்சு போயிருக்கும், துரு அங்கதான் ஆரம்பிக்கும். பத்த வச்ச அப்புறம் முழு வலையையும் உருக்கின துத்தநாகத்துல முக்கி எடுத்தா சந்து எல்லாம் மூடியிருக்கும். கடையில சந்தைக் கிட்டப் பாருங்க: கருப்பா புள்ளி தெரிஞ்சா முதல் வகை, சின்னச் சின்னதா வெள்ளிக் குமிழ் மாதிரி சேர்ந்திருந்தா ரெண்டாவது. விலையில வித்தியாசம் இருக்கும், ஆனா கீழ ஒரு அடி எச்சத்துல நனையுற இடத்துக்காவது ரெண்டாவதை வாங்குங்க. துருப்பிடிச்சு நாலு கம்பி உதிர்ந்தா கால் இஞ்ச் வலை ஒரு இஞ்ச் வலை ஆயிடும், அதைக் கண்டுபிடிக்கிறது நீங்களா இருக்க மாட்டீங்க.

தரை. பாம்பு தானா வளை தோண்டாது, எலி தோண்டுன வளையில குடியேறும். அதனால சுவத்து வலையைத் தரையோட வெட்டி நிறுத்தாம, வெளிப்பக்கமா ஒரு அடி, ஒன்றரை அடி மடிச்சு மண்ணுக்கு அடியில நாலு விரல் ஆழத்துல படுக்க விடுங்க. எலி சுவத்து ஓரத்துலதான் தோண்ட ஆரம்பிக்கும், பல்லுல கம்பி தட்டும், கொஞ்சம் பின்னாடி போய்த் தோண்டலாம்னு அதுக்குத் தோணுறதில்லை. பெட்டியா இருந்தா அடியிலயும் வலை அடிச்சு மேல உமி பரப்பிடலாம். மேல்பக்கமும் மூடணும். சாரை, கொம்பேறி மூக்கன் எல்லாம் மரம் ஏறுற ஜாதி. முருங்கைக் கிளை கூண்டு மேல தொங்கினா அதுதான் அதுங்களுக்கு மாடிப்படி.

வலைக்குப் பதிலா ஊர்ல சொல்ற வைத்தியங்களும் உண்டு. சிறியாநங்கைச் செடி, பூண்டுத் தண்ணி, ஃபினாயில், வெங்காயம். செடி வைக்கிறதுல நஷ்டம் இல்லை, வைங்க. அதை நம்பி ஓட்டையை விடாதீங்க, அவ்வளவுதான். கினிக்கோழி வளர்த்தா பாம்பைக் கண்டு கத்தும்ங்கிறது ஓரளவு சரி, ஆனா அது எதைக் கண்டாலும் கத்தும்.

கடி பட்டா என்ன பண்ணணும்ங்கிறதையும் வீட்டுல சொல்லி வைங்க, வலை அடிச்ச வீட்டுலயும் வயல் இருக்கே. கயிறு கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாய் வச்சு உறியக் கூடாது. கடிச்ச கை காலை ஆட்டாம வச்சு 108-க்குப் போன் பண்ணி, விஷமுறிவு மருந்து இருக்கிற அரசு மருத்துவமனைக்குப் போகணும்.

சென்சார் டீமுக்கு மறுபடியும் வர்றேன். உங்க ப்ராஜெக்ட்டை நிறுத்தச் சொல்லலை. ஆனா கூண்டு உள்ள ஒரு பட்டன் போட்ட எல்.இ.டி. விளக்கு, முட்டை பெட்டியை வெளிப்பக்கமா தள்ளி வச்சு மேல மூடி திறந்து முழுசாப் பார்த்து எடுக்கிற மாதிரி ஒரு டிசைன், இதை ஏன் யாரும் ரிவ்யூல காட்டுறதில்லை? பொழுது சாஞ்சா தானா விழுந்து, அடியில பென்சில் இடுக்குகூட விடாத கதவு ஒண்ணு செஞ்சா மெக்கானிக்கல் டீமுக்கு அதுவே ஒரு முழு ப்ராஜெக்ட். சாயங்காலம் கதவை மூட மறந்த வீட்டுல எந்த வலை இருந்தும் பிரயோஜனம் இல்லை.

கடைசியா ஒரு நடைமுறைச் சிக்கல். சின்ன ஊர்க் கடையில கால் இஞ்ச் இருக்காது, "அரை இஞ்ச்தான் இருக்கு, வேணுமா?"ம்பாங்க. வாங்குங்க, ரெட்டிப்பா. ஒரு வலை மேல இன்னொண்ணை, ரெண்டு பக்கமும் பாதி ஓட்டை அளவு நகர்த்தி வச்சா, ஒவ்வொரு ஓட்டைக்கு நடுவுலயும் ஒரு சிலுவை விழும். 12.7-ல பாதி 6.35, அதுல கம்பி 0.91 போக மிச்சம் 5.4 மி.மீ. பென்சில் நுழையாது. ஆனா ரெண்டு வலையும் ஒண்ணோட ஒண்ணு நகராம இருக்கணும், நகர்ந்தா பழைய அரை இஞ்ச்தான். அதனால சாணுக்கு ஒரு இடத்துல கட்டுக்கம்பியால முறுக்கிக் கட்டுங்க, முறுக்குன முனையை வெளிப்பக்கமா மடிச்சு விடுங்க, கோழி கொத்தி அலகைக் கிழிச்சுக்கும்.